நொச்சிக்கு ஏலம் கேட்க ஆளில்லை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். எஸ்தர் அக்கா வழியை மறித்து ஒரு சொம்பை நீட்டினார்.

“நீயே பாரும்மா. டீ கணக்கா கீது. இத்தக் குடிச்சிக்கினு புள்ளைங்க எப்பிடி இருக்கும்?”

ஆந்திராவில் பாகாலா பக்கம் எங்கள் காலனிக்கு ஓடைக்கரைக் கிணறுதான் குடிதண்ணீர். மேட்டில் தக்காளித் தோட்டங்கள். மழை பெய்தால் உரமும் மருந்தும் கலந்த சேறு ஓடைக்கு இறங்கும். அங்கிருந்து கிணற்றில் ஊறும். வசதி உள்ளவர்கள் கேன் வாங்கிக்கொள்கிறோம். எஸ்தர் அக்கா கூலி வேலைக்குப் போகிறவர். அவருக்கு ஏது கேன்?

இதைத் தடுக்கத்தானே ஓடைக்கரையில் மரம் நட்டோம்? அதுவும் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக!

யோசனை என்னுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, இப்போது திருப்பதியில் பாடம் நடத்துகிறேன். (பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏன் சொல்லக் கூடாது?) சபைக் கூட்டத்தில் மைக் பிடித்து விளக்கினேன் – தண்ணீர் ஓரமாக நெருக்கமாய் நொச்சி, வெட்டிவேர், அதற்கு மேலே மரங்கள். சேற்றை வடிகட்டுவது புதர்தான், மரம் மட்டும் போதாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பணம்? “அறுப்பின் பண்டிகை ஏலம் கீதே!” என்றார் கமிட்டி செகரட்டரி சாமுவேல் அண்ணன்.

எங்கள் ஏலம் ஒரு தனி ரகம். பூசணிக்காயை ஒருவர் எடுப்பார், ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். இந்த முறை காய்கறியோடு கன்றுகளும். எடுப்பவர் சொல்லும் பெயரில் மரம். அடியில் பெயர் வெட்டிய கல்.

“நாவல் கன்னு! ஒருதரம்... ரெண்டோ சாரி... இன்னாபா கம்முனு கீற? உங்க நைனாவுக்கு ஒரு மரம் வேணாமா?” என்று தமிழும் தெலுங்குமாக ஏலம் விட்டார் சாமுவேல் அண்ணன்.

அவ்வளவுதான், போட்டி பறந்தது. காலமான அப்பாக்கள், அம்மாக்கள், துபாயில் இருக்கும் மகன்கள்... எல்லோர் பேரிலும் மரம். என் நைனாவும் விடவில்லை. “எம் பொண்ணு பேருல மருத மரம்!” கல் வந்த அன்று, படிக்கத் தெரியாத மனிதர், என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. இருக்கிறதா என்று என்னிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யார் குறை சொல்வது?

கடைசியில் நொச்சி வந்தது. யாரும் கை தூக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எங்க நைனா எவ்ளோ பெரிய மனுசன்! அவரு பேருல கொசு வெரட்டற செடியா?”

ஒரே சிரிப்பு. எஸ்தர் அக்கா மட்டும் எழுந்தார். “நான் எடுத்துக்கறேண்ணா.”

“உங்கிட்ட போய் காசு இன்னாத்துக்கும்மா? மரத்துப் பணத்துல மிச்சம் வரும், வாங்கிக்கலாம்” என்றார் சாமுவேல் அண்ணன். அன்பாகத்தான் சொன்னார். மிச்சம் முழுக்கக் கல் வெட்டவே போய்விட்டது.

போன ஞாயிறு, அந்தச் சொம்போடு நானும் எஸ்தர் அக்காவும் அவரிடம் போனோம்.

“அடுத்த வருசம் செடிக்குன்னே ஒரு ஏலம் வெச்சிடலாம்மா.”

“அடுத்த வருசமா? எங்க வூட்ல இன்னிக்கே தாகம் எடுக்குதுண்ணா” என்றார் அக்கா.

அண்ணன் சொம்பை வாங்கி உள்ளே பார்த்தார். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அப்படியே ஓடைக்கு நடந்தோம். “முன்னல்லாம் எவ்ளோ மழ பேஞ்சாலும் இப்பிடிக் கலங்காதும்மா” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார் அக்கா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது – மரம் நட்ட பிறகு எப்படி அதிகமாகக் கலங்கும்?

பார்த்த பிறகு புரிந்தது. கரை முழுக்கப் பெருக்கிவிட்டதுபோல் சுத்தம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறையைச் சுற்றிச் செதுக்குவோம் அல்லவா? அதே அக்கறையோடு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லைச் சுற்றிச் செதுக்கியிருந்தது. பெயர் மறையக் கூடாதே! தானாக முளைத்துக் கிடந்த நொச்சியும் கோரையும் தண்ணீர் ஓரம்வரை வேரோடு வெட்டப்பட்டிருந்தன. யாரும் காசு கொடுக்காமலே காலம் காலமாகக் கிணற்றைக் காத்தவை.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

நட்டவர்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. வெட்டியவர்கள் யார் என்றால்தான், எங்கள் வீடு உட்பட, ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை.