சிவக்காத முதுகு

வடக்குக் குளிர்நாட்டில், கூப்பியோ நகரத்துப் பக்கத்துக் கிராமங்களில் நூலக வண்டி ஓட்டுகிற அஹ்திக்கு அறுபத்திரண்டு வயது. கேட்டால் பதில் சொல்வார். தானாகப் பேசுகிற வழக்கமில்லை. வியாழன் சாயங்காலத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று ஏரிக்கரைச் சவுனாவில், அதாவது அடுப்புக் கல்லைச் சூடாக்கி ஆவியில் வியர்க்கிற மர அறையில், குழாய் வேலைக்காரர் ஓய்வாவும் ரொட்டிக் கடைக்காரர் தைஸ்தோவும் அவருமாக மேல் பலகையில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். பிறகு ஏரிப் பனியில் வெட்டிய குழியில் ஒவ்வொருவராக இறங்கி எழுவார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனை ஒன்றில் விஷயம் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது, இன்னும் பற்றிக்கொள்ளவில்லை என்றார் மருத்துவர். வலியில்லை, களைப்பில்லை. பற்றுவதற்கு முன்பே ஆன்டிபாடி மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வில், ஏரி உறைந்த சமயத்தில், அஹ்தி சேர்ந்தார். வயிற்றில் ஊசி. அது இதயத் துடிப்பைத் தடம் மாற்றுகிறதா என்று பார்க்க, ஊசிக்கு முன்னும் பின்னும் ஈசிஜி. அதற்காக மார்பு முடியைச் சதுரம் சதுரமாக மழித்தார் செவிலி மாரித்.

"சவுனாவுக்குப் போங்க, பரவாயில்ல. சில வாரம் ஈசிஜி எடுத்துப் பார்த்து முடிவு வர்ற வரைக்கும் பனிக்குழி மட்டும் வேண்டாம்" என்றார் மாரித். "அந்தக் குளிர்ல நல்ல இதயமே தடுமாறும். அப்புறம் மருந்தாலயா, தண்ணியாலயான்னு நாங்க எங்க போய்த் தேடுறது?"

அஹ்திக்குப் புற்றுநோயைவிட இதுதான் உறுத்தியது. குழியில் இறங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். முன்பு அந்தச் சவுனாப் பலகையில் நான்காவதாக ஒருவர் இருந்தார். மனைவி இறந்த பிறகு அவரிடம் எல்லோரும் மெல்லப் பேசினார்கள், கேலியை நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் அவர் வருவதையே நிறுத்திவிட்டார். அந்த மெல்லிய குரல் தன் பக்கம் திரும்பக் கூடாது.

ஆகவே அந்த வியாழன் மார்பில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி ஆளாக வெளியே போய், வாளித் தண்ணீரில் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினார்.

ஓய்வா கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறி அடங்கியது.

"டேய் அஹ்தி, உன் முதுகு ஏன் சிவக்கல?"

"தெரியலயே."

"குழியில இறங்கினவன் வேகவச்ச இறால் மாதிரி வருவான். நீ மாவு மாதிரி வெள்ளையா வந்திருக்க."

"என் மாவு கூட இதைவிட நெறம்டா" என்றார் தைஸ்தோ. "அது என்ன, குளிர்ல போர்த்தின மாதிரி துண்டு?" என்று சொல்லிக்கொண்டே இழுத்துவிட்டார்.

மழித்த சதுரங்கள் வெளியே தெரிந்தன. அஹ்தி சொல்லிவிட்டார்: ரத்தம், ஊசி, ஈசிஜி, குழி. நாலே வாக்கியம்.

அடுப்பில் கல் வெடித்தது. இதோ அந்தக் குரல் வரப்போகிறது என்று அஹ்தி காத்திருந்தார்.

"அப்போ இத்தனை நேரம் தலையை மட்டும் நனைச்சுட்டு எங்களை ஏமாத்தியிருக்க" என்றார் ஓய்வா. "அதுக்குத் தண்டனை உண்டு. முடிவு வர்ற வரைக்கும் கல்லுக்குத் தண்ணி ஊத்துறது நீ, வாளி தூக்குறது நீ."

"மழிச்சவங்க பாதியில விட்டுட்டாங்களே" என்றார் தைஸ்தோ. "சதுரங்கப் பலகை மாதிரி இருக்கு."

அஹ்தி அகப்பையை வாங்கிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகையில் வண்டியில் சீட்டியடித்ததை அவரே கவனிக்கவில்லை.

சில வாரம் வாளி தூக்கினார். பிறகு மாரித் கூப்பிட்டார். ஊசிக்கு முன்பிருந்த துடிப்பும் பின்பிருந்ததும் ஒரே மாதிரிதான், ஊசி தொடரும், குழிக்கும் போகலாம் என்றார். கனல் கனலாகவே இருக்குமா என்பதை யாரும் சொல்லவில்லை. அதை அஹ்தியும் அன்று கேட்கவில்லை.

வியாழன் அவர் கழுத்தளவு இறங்கி, மெதுவாக ஏறி வந்தார். கதவைத் திறந்ததும் இருவரும் முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள்.

"சரி, சிவந்திருக்கு" என்றார் ஓய்வா. "வாளியை எடு, தண்ணி தீந்துபோச்சு."