குரங்கணியில் விரல் வைத்துப் படித்த மதியம்

காலை ரயிலில் மதுரையிலிருந்து போடிக்குக் கிளம்பினோம், நானும் என் கணவர் சண்முகமும். ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட், ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் வண்டி மெதுவாக நுழையும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்குக் கிடைத்திருந்தது. முன்பெல்லாம் ஜன்னலை எனக்கு விட்டுவிட்டு அவர் புத்தகத்தை விரித்துவிடுவார். அன்று அவரும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பின, பேச்சும் தப்பியது. எழுத்தைப் படிப்பது மட்டும் போய்விட்டது. ஒரு வரி சொன்னால் பிசகில்லாமல் எழுதுவார். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னால் முடியாது. "எல்லாம் கோடு கோடாத் தெரியுது சாந்தி" என்பார். பயிற்சி கொடுக்க வந்த பெண், ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், கண் மறந்ததைக் கை நினைவு வைத்திருக்கும் என்றாள். "நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?" என்று தாளைத் தள்ளிவிட்டார். அதன் பிறகு வீட்டில் நாற்காலியைப் புத்தக அலமாரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒருநாள், புத்தகத்தையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு என்றார்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சையது அண்ணன், கடைக் காலண்டர் அச்சடிக்க வந்த நாளிலிருந்து இவருக்குச் சிநேகிதர். செய்தி கேட்டதும் போன் செய்தார். "குடுக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க மாப்ளே. ஆனா மொதல்ல வந்து என் எடத்தப் பாருங்க. ஒங்க புத்தகம் இருக்கத் தகுந்த எடமான்னு நீங்கதான் சொல்லணும்." அதற்காகத்தான் இந்தப் பயணம்.

முற்பகலில் போடி ஸ்டேஷனுக்கு வெளியே சையது அண்ணனும் அவர் மனைவி ஜமீலா மதினியும் ஜீப்போடு நின்றிருந்தார்கள். கடைத்தெருவைக் கடக்கும்வரை ஏலக்காய் வாசம் கூடவே வந்தது. முந்தலில் மூணாறு சாலையை விட்டுப் பிரிந்தோம். குரங்கணிக்குப் போடியிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் அதை இரண்டு மடங்காக்கிவிடுகின்றன. மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்கியது. கொட்டகுடி ஆறு பாறைகளுக்கிடையே தெரிந்து தெரிந்து மறைந்தது.

"புத்தகக் கொட்டகைக்கா?" என்று டிரைவர் சிரித்தார். "லோடு ஏலக்காய் எறங்குற எடத்துல லோடு புத்தகம் எறங்குனது இங்க மட்டுந்தேன்."

"அத ஏன் கேக்குற அப்பு" என்றார் மதினி. "இந்த மனுசன் எந்த ஊருக்குச் சரக்கு கொண்டு போனாலும் மூட்டைய எறக்கிட்டு வேற மூட்டைய ஏத்திட்டு வருவாரு."

நாங்கள் போய் இறங்கிய கொட்டகை பழைய ஏலக்காய் ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கட்டடம். கம்பி வலைத் தட்டுகள் சுவர் நெடுக அடுக்கடுக்காக இருக்கின்றன. முன்பு காய் பரப்பிய அந்தத் தட்டுகளில் இப்போது புத்தகங்கள். அடியிலும் காற்று போவதால் மலை ஈரத்தில்கூடப் பூஞ்சை பிடிக்கவில்லை. என் கணவர் உள்ளே போனதும் முதலில் வலைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, "நல்ல ஏற்பாடு" என்றார்.

சையது அண்ணன் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். இன்ன துறை என்று இல்லாமல் கண்டதையெல்லாம் வாங்கியிருந்தார், வாங்கிய வரிசையிலேயே வைத்தும் இருந்தார். பாம்புக்கடி வைத்தியத்துக்குப் பக்கத்தில் வானசாஸ்திரம். அதையடுத்து தையல், சதுரங்கம், சொத்துரிமைச் சட்டம், ஆட்டுக்கு வரும் நோய்கள், பாலம் கட்டும் முறை. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டியபடியே நடந்தேன். கிரகங்களின் படத்திலிருந்து நிமிர்ந்தால் கையில் ரவிக்கை வெட்டும் அளவுகள் இருந்தன. நெடுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்துப் படிப்பதுபோல இருந்தது. உடனே குற்றமாகவும் பட்டது. என் கணவர் வாசல் பக்கம் பெஞ்சில் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மதினி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். குடித்து முடித்து, ஒரு தட்டிலிருந்து துணி சுற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது எங்கம்மா வச்சிருந்தது. படிங்க பாப்போம்."

திறந்தேன். அரபி எழுத்து. எது தொடக்கம், எது முடிவு, எங்கே ஒரு சொல் நின்று அடுத்தது வருகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்ற சந்தேகம்கூட வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இப்படித்தானே இருக்கும்? மாதக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்தும் அதை நான் அறிந்திருக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அவர் எழுந்து வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"உனக்கும் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியலைங்க."

அவர் சிரித்தார். கேலி இல்லை, துணைக்கு ஆள் கிடைத்த சிரிப்பு.

"பாஷை நம்ம பாஷைதேன்" என்றார் மதினி. "எழுத்துதான் அரபி. பழைய வீடுகள்ல பொம்பளைக இதுலதான் தமிழ் படிச்சாக." புத்தகத்தை மடியில் வைத்து, வலமிருந்து இடமாக விரலை ஓட்டியபடி நிதானமாக வாசித்தார்: "பெண்ணே, பிள்ளை அழுதால் பசியென்று மட்டும் எண்ணாதே. தொட்டிலில் எறும்பு இருக்கிறதா என்றும் பார்."

அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து நம் தமிழ் அப்படியே எழுந்து வந்தது. என் கணவர் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் வெரல் வச்சுத்தான் படிப்பீங்களா மதினி?"

"ஆமா. வெரல எடுத்தா வரி தப்பிப் போகும். இதுல என்ன வெக்கம்?"

என் கணவர் தட்டுகளின் ஓரமாக நடந்தார். பெரிய எழுத்தில் அச்சான, அட்டையில் தேனீ படம் போட்ட ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். நான் தையல் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். ஓரக்கண்ணில் தெரிந்தது, ஆள்காட்டி விரல் ஒரே இடத்தில் வளைந்து, இறங்கி, மறுபடி வளைந்தது. சையது அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தார். மதினி கண்ணால் அடக்கினார். காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. காற்றில் புத்தகத் தாள்கள் படபடத்தன.

"பெட்டி" என்றார் அவர்.

நாங்கள் மூவரும் திரும்பினோம்.

"பெட்டின்னு போட்டிருக்கு. தேன் பெட்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினார். நான் எழுந்து வெளியே போய் மலையைப் பார்த்து அழுதுவிட்டு வந்தேன்.

மாலையில் போடி ஸ்டேஷனில் சையது அண்ணன் கேட்டார், "எடம் பிடிச்சிருந்ததா மாப்ளே? ஒங்க புத்தகத்த எப்ப அனுப்புறீங்க?"

"எடத்துக்கு ஒரு குறையும் இல்ல மாப்ளே. ஆனா இப்ப அனுப்ப முடியாது. எனக்கு அதுல சோலி கெடக்கு." தேனீப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இத மட்டும் கொண்டு போறேன்" என்றார். சையது அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ரயிலில், தேனி ஸ்டேஷனில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண், இவர் விரல் ஒரு சொல்லின் மேல் போய் வந்து கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு இரக்கத்தோடு குனிந்து, "அய்யா, அது..." என்று தொடங்கினாள்.

"சொல்லாதீங்கம்மா" என்றார் அவர். "நானே வர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வீட்டில் அவருக்கு மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, கடிதம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு படித்துச் சொல்லிவந்தவள் நான். இப்போதும் அந்தச் சொல் பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மதுரை வந்தபோது முதல் பக்கம் பாதிகூட முடியவில்லை. நின்ற இடத்தில் விரலைக் கொடுத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் இறங்கினார்.