ஓடுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னது

கிளென்ஃபீல்டில் நான் வேலை செய்யும் பிசியோதெரபி நிலையத்துக்கு, வலது தோள் வலியோடு அந்த அமெரிக்கர் வந்தார். அறுபது வயதிருக்கும். நெடிய உடம்பு, நரைத்த புருவம். வலைக்கம்பால் பந்தை ஏந்தி எறியும் லக்ரோஸ் விளையாட்டில், கல்லூரிக் காலத்தில் அவர் பெரிய நட்சத்திரமாம். பிறகு போர் விமானி. பேசும்போது கையில் அகப்பட்டதை எறிந்து பிடித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அவருடைய கையைத் தூக்கிப் பிடித்தபடி, "மேலேயிருந்து மனிதர்கள் தெரிவார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஓடினால் தெரிவார்கள்," என்றார். "லக்ரோஸ் மாதிரித்தான். ஆள் இருக்கும் இடத்துக்கு எறியக் கூடாது. அவன் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும்."

"படுத்திருந்தால்?"

அக்கறையோடு யோசித்தார். "பெரும்பாலும் தெரியாது. ஏன் கேட்கிறீர்கள்?"

"சும்மா."

யாழ்ப்பாணத்தில் எங்கள் வயலுக்கு மேல் விமானம் வந்தபோது, வரம்போரம் படுத்திருந்த தம்பியைப் பார்த்து "எழும்பி ஓடடா!" என்று கத்தியவள் நான். எழும்பி ஓடியவன் பத்தடிகூடப் போகவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அந்தாளுக்கு இனி வைத்தியம் பாக்காதை," என்றார். "ஓம்," என்றேன்.

ஆனாலும் ஆறு வாரம் பார்த்தேன். தோள் சுகமானது. "உன்னில ஒரு பிழையும் இல்லை," என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். கேட்டதற்குப் பதில் சொன்ன ஒரே மனிதர் அவர். வெறுக்க முயன்றேன். இன்னும் முடியவில்லை.