துரைத் தொட்டி

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எங்களையெல்லாம் ஒரு புதுச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். உள்ளே காலை வைத்ததும் எனக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. ஓரம் உதிர்ந்த எனாமல் குவளையில் ஸ்பூன்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அரிக்கேன் விளக்குக்குள் பல்ப் எரிந்தது. சுவரோரமாகக் கம்பிவலை அடித்த பலகார அலமாரி ஒன்று. எங்கள் வீட்டில் அதே மாதிரி அலமாரியில் அன்று காலைதான் மீன் குழம்புச் சட்டியை வைத்து மூடிவிட்டு ரயிலேறியிருந்தேன். இங்கே அதற்குள் கேக் இருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு, இல்ல?" என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கம்பிவலையில் பிசுக்கு ஏறினால் ஊசியை வைத்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எடுத்தவளுக்குத்தான் அதன் அழகு தெரியும். ஆனால் சோறு போடுகிறவளிடம் சண்டை போடக் கூடாது என்று, "எங்க வீட்ல இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. வெள்ளக்காரன் குளிச்ச தொட்டி" என்று சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கடையை அலங்கரித்தவர் அவளுடைய உறவுக்காரர். மறுவாரமே எனக்கு போன் வந்துவிட்டது.

தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில் இருக்கிறது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் தகரம் போட்ட கொல்லை. என் அப்பா, நைனா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், சுரங்கத்தில் மரம் கட்டும் வேலை பார்த்தவர். மேலே இருக்கும் பாறை இறங்காமல் இருக்க உள்ளே மரத்தூண் நிறுத்துகிற வேலை. அடி ஆழத்து லெவல்களில் பாறையே சுடும். வேர்த்து வேர்த்து உடம்பில் உப்புப் பூத்துப்போகும். ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்து, வீட்டுக்கு வந்தால், கொல்லையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கெட் தண்ணீரில் குளிப்பார். மூன்றாவது பக்கெட் கேட்டால் அம்மா தருவதில்லை. லைன் கோடியில் இருந்த பொதுக்குழாயிலிருந்து அத்தனையும் அவள் இடுப்பில் வந்த தண்ணீர்.

ஒருமுறை ஒரு அதிகாரியின் பங்களாவில் கதவு சீர்செய்ய நைனாவை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே குளியலறையில் வெள்ளை எனாமல் பூசிய இரும்புத் தொட்டி, நான்கு கால், ஒவ்வொரு காலும் சிங்கத்தின் பாதம் மாதிரி. துரைமார் காலத்தில் கப்பலில் வந்தது. அன்றைக்கு அதில் தண்ணீர் நிரப்பி ஆவி பறந்துகொண்டிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் பல வருஷம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் போட்டபோது, "ஒரு நல்ல கட்டிலா பாத்து எடுத்துக்கினு வாங்க" என்று அம்மா அனுப்பி வைத்தாள். அவர் தொட்டியோடு வந்தார்.

நான் அப்போது சின்னப் பெண். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளுவண்டியில் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நான்கு காலும் வானத்தைப் பார்த்திருந்தன. லைன் முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு எரும மாட்ட ஓட்டிக்கினு வந்திருந்தாலும் பாலாச்சும் கறந்திருப்பேன். இத வெச்சி இன்னா பண்றது?"

"குளிக்கலாம்" என்றார் நைனா.

"யாரு மொண்டுக்கினு வர்றது?"

நைனா வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார். வாசலில் நுழையாததால் பின்சந்து வழியாகத் தூக்கிக் கொல்லையில் இறக்கினார்கள். அடியில் ஓட்டை இருந்தது, அடைப்பான் இல்லை. நைனா ஒரு மரத்துண்டை எடுத்துப் பொறுமையாகச் செதுக்கி, துணி சுற்றித் தார் தடவி இறுக்கினார். அடைப்பான் கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவர் செய்த தப்பு. ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று கண்ட உடனே அம்மா அதில் குடிதண்ணீரைக் கொட்டி, தகரத்தால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டாள். மூடாமல் வைக்கவும் முடியாது. காற்றடித்தால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து புழுதி பறந்து வந்து சோற்றிலேயே விழும் ஊர் இது.

அன்றிலிருந்து அது தண்ணீர்த் தொட்டிதான். லைனில் அதற்குத் துரைத் தொட்டி என்று பெயர். சுரங்கத்தை மூடிய பிறகு குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனபோது, அந்தத் தொட்டிதான் எங்களைக் காப்பாற்றியது. கல்யாணம், சாவு எந்த வீட்டில் என்றாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்குத்தான் வருவார்கள். அம்மா முகம் சுளிக்காமல் மொண்டு ஊற்றுவாள். இத்தனைக்கும் நைனா ஒருநாள்கூட அதில் இறங்கிக் குளித்ததில்லை. குடிதண்ணீரில் யார் காலை வைப்பார்கள்?

போன் செய்தவர் ஒரு சனிக்கிழமை காரில் வந்து தொட்டியைப் பார்த்தார். கல்லை இறக்கச் சொல்லி, தகரத்தை நகர்த்தி, விளிம்பைத் தட்டிப் பார்த்தார். "மேடம், சூப்பர் பீஸ்" என்று என்னிடமும், "சென்னாகிதே ஆண்ட்டி, நல்லாருக்கு" என்று அம்மாவிடமும் சொன்னார். ஒரு ரிசார்ட்டின் வாசலில் வைத்து அதில் பூச்செடி வளர்க்கப் போகிறாராம். நான் நினைத்ததைவிட நல்ல விலை சொன்னார். எனக்கும் கணக்கு சரியாக இருந்தது. மாடியில் புதிதாகப் பிளாஸ்டிக் டேங்க் வைத்தாகிவிட்டது. தொட்டி போனால் அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைக்கலாம். வாரமெல்லாம் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போய் வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கொடுமை என்னவென்று தெரியும். "எடுத்துக்கங்க" என்றேன். மறு ஞாயிறு வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. நைனாவும், "உனுக்கு எடம் வேணும்னா குடுத்துடும்மா" என்றார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் கொல்லைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடுக்கறதுக்கு முன்ன ஒருவாட்டி அதுல படுத்துப் பாக்கணும்மா."

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

"எழுவது தாண்டனப்புறம் தொரைக்கு ஆச வந்துடிச்சா? தொட்டி நெறைய தண்ணி. ஒரு ஆளு குளிக்கறதுக்கு அவ்ளோ தண்ணியா? மார்ச்சளி வேற. ஒண்ணும் வேணாம்."

நைனா இருமிக்கொண்டே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். ஒருமுறை கேட்டதைத் திரும்பக் கேட்கிற ஆள் இல்லை அவர். எனக்கு அம்மாவின் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் இடுப்பில் குடம் வைத்துச் சுமந்தது நானில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. என்றும் இல்லாத அதிசயமாக அன்று வேகமாகவும் வந்தது. லைனில் எல்லா வீட்டிலும் டிரம், பக்கெட், குண்டான் எல்லாம் நிரம்பின. எங்கள் வீட்டில் டேங்க் நிரம்பியது. அம்மா பழக்கதோஷத்தில் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்பி மூடிவைத்தாள்.

ஞாயிறு காலை, விலை பேசிவிட்டுப் போன தொட்டிக்காரர் போன் செய்தார். "நாலு ஆளோட பெங்களூர்லருந்து கெளம்பிட்டேன் மேடம். தொட்டியக் காலி பண்ணி வைங்க, வெயிட்டு ஜாஸ்தி."

அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தொட்டி போகும் என்று அவளுக்குத் தெரியும். அதில் இருக்கும் தண்ணீரும் போக வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. உடனே ஒரு குடம் மொண்டு எடுத்துக்கொண்டு லைனில் இறங்கினாள். நானும் பின்னால் போனேன்.

"தண்ணி வேணுமா?"

"அய்யோ, நேத்துதான வந்தது? புடிக்கறதுக்குப் பாத்திரமே இல்லக்கா."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் டீத் தம்ளரில்கூடப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்கள். தங்கவயலில் ஒரு பொம்பளை வீடுவீடாகப் போய்த் தண்ணீர் கொடுக்கிறேன் என்று கெஞ்சி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். கோடி வீடு வரை போய்விட்டு நிறைகுடத்தோடு திரும்பினோம்.

கொல்லையில் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியின் தகரத்தை நகர்த்தினாள். அடைப்பானைப் பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது. அவள் கை அதற்குப் போகவே இல்லை. பிறகு என்னைப் பார்த்துச் சீறினாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? அண்டாவத் தூக்கி அடுப்புல வையி. வீணாத்தான் போவப்போவுது, அந்த மனுசனாச்சும் குளிக்கட்டும்."

பாதித் தண்ணீரை மொண்டு காய்ச்சிக் காய்ச்சி அதிலேயே ஊற்றினோம். நைனா இடுப்பில் துண்டோடு வந்து நின்றார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்ததுபோல் வெட்கம். அவர் உடம்பை வெளிச்சத்தில் அப்படிப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. விலா எலும்பை எண்ணலாம்போல் இருந்தது. முதுகில், எப்போதோ பாறைச் சில்லு கிழித்த தழும்பு. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார், அப்புறம் இன்னொன்று. உட்கார்ந்தார். சாய்ந்தார். சர்ரென்று வழுக்கி மோவாய் வரை உள்ளே போய்விட்டார்.

தொட்டி ஆறடித் துரைக்குச் செய்தது. நைனா அதில் பாதிதான் இருந்தார். கால் எட்டவில்லை. அம்மா, "அய்யோ அய்யோ" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் உட்கார்ந்து காய் நறுக்கும் பலகையைக் கொண்டுவந்தாள். காலடியில் குறுக்கே அதைச் செருகினேன். நைனா காலை உதைத்துக்கொண்டு மேலே ஏறி, தலையை விளிம்பில் வைத்து, கண்ணை மூடினார். இருமல் நின்றிருந்தது.

"சுடுதா?" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரு சொம்பு ஊத்து."

ஊற்றினாள். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "கீழ லெவல்ல நிக்கும்போது இதத்தான் நெனச்சிக்குவேன். கேஜு வர்ற வரைக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அம்மா அடுத்த சொம்பை மொண்டாள். "மாட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்சந்தில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. தொட்டிக்காரர் கொல்லையின் பின்கதவுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். அம்மா போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஆளு உள்ள கீறாரு தம்பி. தொட்டி காலி இல்ல."

"பரவால்ல ஆண்ட்டி, வெயிட் பண்றேன்."

காத்திருந்தார். நான் ஐந்து பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். உள்ளே நைனா எழுந்திருக்கிற வழியாக இல்லை. தண்ணீர் ஆற ஆற அம்மா வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "அவங்க எவ்ளோ நேரம்மா நிப்பாங்க?" என்றேன். அவள் சொம்பை என் கையில் கொடுத்தாள். நேராகப் பின்சந்துக்குப் போனாள்.

"இன்னிக்கு ஆவாது தம்பி. நீங்க போய்ட்டு வாங்க. சொல்லி அனுப்பறோம்."

அந்த மனிதரிடமும், கயிறு பலகையெல்லாம் கொண்டுவந்திருந்த நான்கு ஆட்களிடமும் நான்தான் அசடு வழிய நின்று மன்னிப்புக் கேட்டேன். லாரி வெறுமனே திரும்பிப் போனது. எனக்கு அன்றைக்கெல்லாம் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா நைனா குளித்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் மொண்டு மொண்டு கொல்லையைக் கழுவினாள், கக்கூஸைக் கழுவினாள், மீதியை முருங்கைக்கு ஊற்றினாள். நான் துணி துவைத்தேன்.

அடுத்த முறை குழாய் வந்த நாள் எனக்கு வேலை நாள். சாயங்கால ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், விளக்கைக்கூடப் போடாமல் நைனா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. அதில் முதுகைச் சாய்த்துக் காவல் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா? அம்மா எங்க?"

உதட்டில் விரலை வைத்தார். பிறகு கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "உள்ள எறங்கி வெகுநேரம் ஆவுது. கூப்டா வர மாட்டேங்கிறா."

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மெதுவாக அலம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல்.

"யாரது, அவளா? ஒரு குண்டான் வெந்நீ வெக்கச் சொல்லு. ஆறிப்போச்சி."

நான் பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.