இரண்டாவது பிராது

வளர்மதிக்குப் பீங்கான் பட்டறையில் பிசிறு சீவும் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஃப்யூஸ் கட்டைகளின் ஓரத்தைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவாள். அந்தப் பலகைகளைச் சூளைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன். கணவனை விட்டுவிட்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பையோடு வந்தவளிடம் ஒன்றும் கேட்காமல், மறுநாளே பட்டறைக்கு அழைத்துப்போனவர்.

அவருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் போயிருந்தது. வளர்மதி ஓயவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஊசி மருந்து ஏற்றினாள். திட்டக்குடிப் பக்கம் ஒருவர் பச்சிலை தருகிறார் என்றார்கள், வாங்கி வந்தாள். அதைக் குடித்து வாந்திதான் மிச்சம். டெலிபோன் பூத்திலிருந்து திருப்பூரில் இருக்கும் தம்பிக்குப் பேசினாள். மெட்ராஸுக்குக் கொண்டுபோ என்றான். கூட வருகிறாயா என்றதற்கு லீவு கிடைக்காது என்றான். கடைசியில் மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், எல்லோரும் செய்வதுபோலக் கொளஞ்சியப்பர் சாமிக்கு முறையீட்டைப் பிராதாக எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தாள். அப்பாவைப் பிழைக்க வை என்று ஒரே வரி.

ஊசி முடிந்தும் கட்டி வளர்ந்திருந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். வேறு மருந்து ஒன்று இருக்கிறது, உடம்பு தாங்குவது சந்தேகம், தாங்கினாலும் நோய் போகாது என்றார். வேண்டாமென்றால் வலிக்கு மார்ஃபின் மாத்திரை தருவோம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். யோசித்து வியாழக்கிழமை வந்து சொல்லச் சொன்னார்.

நிறுத்திவிடலாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிராது கொடுத்தவளே பாதியில் கைவிட்டால் சாமி என்ன நினைக்கும்?

டாக்டரம்மா சொன்னதையும் சாமிக்குப் பிராது கொடுத்ததையும் அப்பாவிடமே சொன்னாள். அவர் சுவரோரம் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் வலி, பல வாரமாக உட்கார்ந்தபடிதான் உறக்கம்.

“அவரு பேருதான் எனக்கும். எனக்கு மட்டும் பாத்துச் செஞ்சாருன்னா, பங்காளிக்குச் செஞ்சுட்டாருன்னு ஊரு பேசும்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடு, வளரு.”

“காரியம் முடிஞ்சாத்தாம்ப்பா ராஜினாமா எழுதிப் பிராத வாபஸ் வாங்குவாங்க.”

“எனக்கு முடிஞ்சிடுச்சி. ஒருக்களிச்சிப் படுத்துத் தூங்கணும். வேற ஒண்ணும் வாணாம்.”

புதன்கிழமை பட்டறையில் அரைநாள் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பிராது எழுதித் தருகிறவர், காரியம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

“தீரலைங்க. மாத்திக் கேக்கணும்.”

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு ராஜினாமா ஒன்றும் பிராது ஒன்றும் எழுதினார். அப்பா படுத்துத் தூங்க வேண்டும் என்று அவள் சொன்னது அப்படியே தாளில் ஏறியது. அதைக் கட்டி முடிக்கும்வரை அவள் அழவில்லை. பஸ்ஸில்தான் அழுதாள்.

மறுநாள் புதுச்சேரி போய் மாத்திரை போதும் என்றாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று பொறுமையாகச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது சுவரோரம் தலையணை மட்டும் நின்றிருந்தது. அப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வளர்மதி சத்தம் வராமல் சோற்றுப் பானையின் மூடியை எடுத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, முறைப்படி போய் ராஜினாமா எழுதிக்கொடுக்க வேண்டும். இதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.