பாதிப் பாதி வராத எலிக்குட்டிகள்

ஆட்டோகிளேவ் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அடிக்குமே ஒரு வாசம்... சூடான உமி வாசம். எலிகளுக்குப் படுக்கையாகப் போடுகிற உமியை ஆவியில் வேகவைத்துத்தான் உள்ளே எடுப்போம். அதோடு எலி மூத்திர நெடியும் சேர்ந்து தலைமுடியிலேயே தங்கிவிடும். சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார். எனக்கும் தேவி அக்காவுக்கும் அதில் லாபம்தான். தாராளமாக இடம் கிடைக்கும்.

ஒரகடத்தில் ஊரே கார் கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் போக, நாங்கள் மட்டும் எலி கம்பெனி. மருந்து சோதிக்கிற ஒரு லேபின் அனிமல் ஹவுஸ். நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்த கையோடு அங்கே டெக்னீஷியன். தேவி அக்கா கான்ட்ராக்டில் வந்தவர். அழுக்குக் கூண்டிலிருந்து சுத்தமான கூண்டுக்கு எலிகளை மாற்றுவது அவர் வேலை.

உள்ளே போனால் பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது. அக்கா மல்லிச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி டிபன் பையில் வைத்திருந்து, ஷிஃப்ட் முடிந்ததும் வைத்துக்கொள்வார். எலி வாசம் போகாது, ஆனாலும் வைப்பார்.

அக்காவுக்கு மூன்றும் பெண்கள். மூன்றாவது பிறந்ததிலிருந்து மாமியார் சோறு போடும்போதுகூடக் குத்துவாராம். உன் வயிற்றில் ஆண் வாரிசே தங்காதா என்று. சம்பளம் கொண்டுவருவதால்தான் அந்த வாய் இந்த மட்டில் நிற்கிறது, வேலையும் போச்சுன்னா வீட்டில் காலம் தள்ள முடியாது என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வருவார்.

அந்த வேலைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது...

வேறொரு லேபிலிருந்து ஓர் ஆண் எலி வந்திருந்தது. அதன் ஜோடி ஜீனில் ஒன்றில் மட்டும் ஒரு மாற்றம். தாய் எலிக்கு அது கிடையாது. கணக்குப்படி குட்டிகளில் பாதிக்கு அந்த மாற்றம் வர வேண்டும், பாதிக்கு வரக் கூடாது. வால் நுனியைத் துளி வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினோம். ரிசல்ட் பார்த்தால், அநேகமாக எல்லாக் குட்டிக்கும் இருக்கிறது. அடுத்த ஈற்றிலும் அப்படியே.

சூப்பர்வைசர் யோசிக்கவே இல்லை. கூண்டு மாற்றும்போது, எந்த ஜோடியின் குட்டிகள் என்று எழுதிய கார்டைக் கழற்றி அடுத்த கூண்டில் மாட்ட வேண்டும். தேவி ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் கார்டை மாற்றி மாட்டிவிட்டாள், இது வேறு ஜோடியின் குட்டிகள் என்று முடிவே கட்டிவிட்டார். எங்கள் இடத்தில் அது நடக்கிற தப்புதான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அக்காவைக் கூண்டு கழுவுகிற செக்‌ஷனில் தள்ளினார்கள். மாத முடிவில் கான்ட்ராக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுவதாகப் பேச்சு.

அக்கா சண்டை போடவில்லை. கொதிக்கிற தண்ணீரில் கூண்டு கழுவிக்கொண்டே, "நான் மாத்தல வனிதா, என் புள்ளைங்க மேல சத்தியமா மாத்தல" என்றார்.

புதிதாகச் சேர்ந்திருந்த சயின்டிஸ்ட் மேடம்தான், ஒருவரை அனுப்புவதற்கு முன் ஒரு தரம் சரிபார்ப்போமே என்றார். அதே ஆண் எலி, புதுப் பெண் எலி, தனி ரூம். சாவி மேடம் கையில். கார்டு மாட்டுவது சூப்பர்வைசரே. எலி சினையாகி, ஈன்று, குட்டிகள் வளர்ந்து, டெஸ்ட் வரும்வரை அக்காவை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் அக்கா பூவே வாங்கவில்லை.

ரிசல்ட் வந்தது. மறுபடியும் அநேகமாக எல்லாமே!

மேடம் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். தகப்பனிடமிருந்து பாதிப் பாதி வருவதுதான் பொது விதி. ஆனால் சில ஆண் எலிகளில் இந்த மாதிரி மாற்றம் குறுக்கு வழியில் போகும். அதைச் சுமக்கிற விந்தணு, கூட ஓடுகிற மற்றவற்றின் ஓட்டத்தைக் கெடுத்துவிட்டுத் தான் முந்திக்கொள்ளும். இதே மாற்றம் தாயிடம் இருந்தால் ஒழுங்காகப் பாதிக்குத்தான் போகுமாம்.

அக்கா ஈரக் கையோடு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ ஜனங்கள்ல... பொண்ணா புள்ளயாங்கிறது?" என்றார்.

அதுவும் அப்பா பக்கத்திலிருந்து வருவதுதான் என்றார் மேடம். ஆனால் அதில் இந்த எலி மாதிரி தில்லுமுல்லு இல்லை, பூவா தலையா போடுகிற மாதிரி, யார் மேலும் குற்றம் கிடையாது.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "இங்க சொல்றதுக்கு நீங்க கீறீங்க. எங்க வூட்ல யாரு மேடம் சொல்றது?" என்றார்.

நாளையிலிருந்து உள்ளே வா என்றார் சூப்பர்வைசர். ஒரு சாரி கிடையாது. அன்று ஆட்டோ ஏறுமுன் அக்கா இரண்டு முழம் வாங்கி, ஒரு முழம் என் தலையில் வைத்தார்.

வீட்டில் சொன்னது அக்காவின் வீட்டுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே போய், அம்மா, இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத, அது என் பக்கத்து சமாச்சாரம் என்றாராம். நல்ல மனுஷன். மாமியார் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் குழம்பில் உப்பு சரியில்லை என்கிற வழக்கமான சண்டை மட்டும்தான்.

வருஷங்கள் ஓடிவிட்டன, இப்போது நான் வேறு கம்பெனி. கூண்டுக்குக் கூண்டு பார்கோடு, கார்டு மாறவே மாறாது. போக வர ஏசி பஸ். தலையில் ஒரு வாசமும் தங்குவதில்லை. பக்கத்து சீட்டில் யார் என்றுகூடத் தெரியாது, ஆளுக்கொரு போன். என்ன வசதி இருந்து என்ன... ஏதாவது தப்பு என்றால் இன்றைக்கும் முதல் பார்வை கூண்டு கழுவுகிறவர் மேல்தான் போகிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார். மூத்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மா, "பொண்ணா..." என்று இழுத்தாராம். அக்கா வாயைத் திறப்பதற்குள், மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மாமியார் எழுந்து வந்தாராம்.

"இன்னாம்மா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? எங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. வேணும்னா உன் புள்ளயாண்ட போய் கேளு."