மலையில் திரும்பப் பழகியது

நான் விமானம் ஓட்டுகிறேன் என்று திண்டுக்கல்லில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "எந்த நாட்டுக்கு?" என்பதுதான். நான் ஓட்டியதோ ஒற்றை எஞ்சின் விமானம். என்னைத் தவிர ஐந்து பேர் ஏறினால் நிறைந்துவிடும். வடக்கே இமயமலைப் பள்ளத்தாக்குகளில், சாலை எட்டாத ஊர்களுக்கு ஆட்களையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோய் இறக்குவேன். "அப்ப ஷேர் ஆட்டோன்னு சொல்லுங்க மாப்ள" என்றார் ஆத்தூரில் என் மாமனார். அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. என் மனைவி திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பாடத்தில் எதையும் நிரூபிக்காமல் விடமாட்டாள். சகுனத்துக்கு மட்டும் அவளிடம் நிரூபணம் தேவையில்லை. வெளியே கிளம்பியவர் திரும்பி வரக்கூடாது, கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. என் அம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்திருந்தார். ஒருமுறை பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக் புக்கை மேசையிலேயே விட்டுவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டேன். அவளால் கூப்பிடவும் முடியவில்லை, என்னைத் திரும்ப விடவும் மனமில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, என்னைத் தாண்டிப்போய், எனக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கியபடி அதை நீட்டினாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலைக்குள் பறப்பதில் ஆபத்து, உயரத்தில் இல்லை. பள்ளத்தாக்கு போகப் போகக் குறுகும், தரை மேலேறிக்கொண்டே வரும். சின்ன எஞ்சினால் அந்த வேகத்துக்கு ஏற முடியாது. திரும்பலாம் என்றாலும் வட்டமடிக்க அகலம் வேண்டும். அந்த அகலம் தீர்ந்த பிறகு எந்தக் கெட்டிக்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எங்கே திரும்புவது என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்து, வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். ஒரு வழியில் என் குறி ஓர் இரும்புப் பாலம். பாலத்துக்கு மேல் வரும்போது எதிரே கணவாய் தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

ஒரு காலை நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். பாலம் வந்தது. கணவாய் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. நான் திரும்பவில்லை. இன்னும் செத்த நேரம் பார்ப்போம், விலகிவிடும் என்று மனது சொன்னது. கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்புவதா என்று உடம்பே மறுத்தது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. பைன் மரங்களின் காய்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, ஒரு பக்கச் சரிவை ஒட்டியே பறந்துகொண்டிருந்தேன். மிச்சமிருந்த அகலம் முழுவதையும் பயன்படுத்தித் திருப்பினேன். எதிர்ச் சரிவின் மரங்கள் இறக்கைக்கு அடியில் உரசாத குறையாகப் போயின. பின்னால் யாரோ பிரார்த்தனையை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்கியதும் பயணி ஒருவர், ஒரு நாள் வீணாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டார்.  

அன்று மதியம் டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். மறைக்கத்தான் நினைத்தேன், அவள் குரலைக் கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது.

"பாலத்தைத் தாண்டி எம்புட்டு நேரம் போனீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"ஏன் திரும்பல?"

"கெளம்பிட்டாத் திரும்பக் கூடாதுன்னு பழகியாச்சே. கை வரல."

 அவள், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த விடுமுறை முடிந்து கிளம்பிய காலையில் வழக்கம்போல, "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நாலு வீடு தாண்டியிருப்பேன்.

"ஏங்க! நில்லுங்க! திரும்பி வாங்க!"

தெருவே கேட்கும்படி கத்தினாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.  எங்கள் கைக்குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். குழந்தை உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசற்படியில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.  முகம் வெளிறியிருந்தது.

"என்னத்த மறந்தேன்?" என்றேன்.

"ஒண்ணும் மறக்கல. இனிமே ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன், நீங்க திரும்பி வரணும். இங்கயே பழகிக்கங்க. அந்த மலைக்குள்ள பின்னால நின்னு கூப்பிட நான் இருக்க மாட்டேன்ல."